பாட் லாபியும் கான்கரர் பட்டமும்

பலர் கூடி ஆடும் துப்பாக்கி ஆட்டம் எதுவானாலும், வெளிவந்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் அதைச் சுற்றி ஒரு வழக்கு எழுந்துவிடும். முதல் நாளிலிருந்து ஆடுகிறவர் “ஆட்டத்தையே கெடுத்துட்டாங்க” என்பார். நேற்று டவுன்லோடு செய்தவர் “இறங்கின ரெண்டாவது நிமிஷமே செத்துப்போறேன், இதுல என்ன இருக்கு” என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். ஆட்டத்தைத் தயாரிக்கும் நிறுவனத்துக்கு இருவருமே வேண்டும். புதியவர் வராவிட்டால் லாபி, அதாவது ஓர் ஆட்டத்துக்கு ஆள் சேரும் இடம், நிறையாது. பழையவர் போய்விட்டால் ஆட்டத்தைப் பற்றிப் பேசவும், சொல்லிக்கொடுக்கவும், போட்டி நடத்தவும் ஆள் இருக்காது. ஆனாலும் ஒருவருக்காகச் செய்த மாற்றம் மற்றவரைக் குத்துகிறது. கால் ஆஃப் டியூட்டி, பேட்டில்ஃபீல்ட், கவுன்டர் ஸ்ட்ரைக், பப்ஜி என்று நீண்ட வரிசையாக வரும் எந்தத் தொடரும் இதிலிருந்து தப்பவில்லை.

இந்த வழக்கைப் பெரும்பாலும் மேல்நாட்டு ஸ்டுடியோக்களின் பக்கத்திலிருந்தே பேசுகிறார்கள். விருத்தாசலத்திலிருந்து பார்த்தால் அதற்கு வேறு முகம் இருக்கிறது.

விருத்தாசலம் பெரிய ஊர் அல்ல. பழமலைநாதர் கோயில், மணிமுத்தாறு, சேலத்துக்கும் கடலூருக்கும் தண்டவாளம் பிரியும் ரயில் சந்திப்பு, செராமிக் தொழிற்பேட்டை, செராமிக் படிப்புக்கென்றே ஓர் அரசுக் கல்வி நிலையம். மின்கம்பத்து இன்சுலேட்டரும் ஃபியூஸ் கட்டையும் அகல்விளக்கும் பொம்மையும் சூளையிலிருந்து இறங்கும் ஊர். வேலை முடிந்த மாலையில் டீக்கடை பெஞ்சில் நான்கு இளைஞர்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தால் அவர்கள் ஒரே ஸ்குவாடில், அதாவது சேர்ந்து ஆடும் ஒரே குழுவில், இருக்க வாய்ப்பு அதிகம். நான்கு பேரிடமும் நான்கு விதமான போன். ஒன்று தவணையில் வாங்கிய புதுசு. ஒன்று அண்ணன் கழித்துக் கொடுத்தது. மூன்றாவதன் திரையில் விரிசல். நான்காவது ஆளின் இயர்போனில் இடப்பக்கம் மட்டும்தான் கேட்கும். பழைய போன் பத்து நிமிடத்தில் சூடேறும், படம் திக்கித் திக்கி நகரும். எதிரி வாசலில் நிற்பது அவருக்குத் தெரியும்போது அவர் ஏற்கெனவே செத்திருப்பார். “லேக் மச்சான்” என்று அவர் சொல்வது சாக்கு அல்ல, நடந்தது அதுதான். எளிமை பற்றிய பேச்சு அமெரிக்காவில் பயிற்சி நிலையிலும் கன்ட்ரோலரிலும் தொடங்கலாம். இங்கே அது போனின் ராம் நினைவகத்தில் தொடங்குகிறது.

இந்தியச் சிற்றூர்களில் இந்த ஆட்டங்கள் பரவிய வேகத்துக்கு ஆட்டத்தின் அருமை மட்டும் காரணமில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தின் விலை விழுந்தது. பிரெண்டன் கிரீன் என்ற வடிவமைப்பாளரின் பெயரோடு கணினியில் 2017இல் பரவிய பப்ஜி, 2018 மார்ச்சில் கைபேசிக்கு வந்தது. ஆட்டத்துக்குக் காசு இல்லை, டேட்டா மலிவு, கையில் ஏற்கெனவே போன். அதுவரை துப்பாக்கி ஆட்டம் என்றால் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குப் பணம் கொடுத்து கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆடியவர்கள்தான் அதன் ரசிகர்கள். மவுசும் கீபோர்டும் பழகிய அந்தச் சிறு கூட்டத்தைத் தாண்டி, கட்டைவிரல் மட்டுமே உள்ள பெருங்கூட்டம் ஒரே ஆண்டில் உள்ளே வந்தது. இந்த ஆட்டங்களின் வரலாற்றில் இவ்வளவு பெரிய கதவு இதற்குமுன் திறந்ததில்லை.

அந்தக் கதவைத் திறக்கச் செய்த மாற்றங்களைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவற்றை யாரும் எதிர்க்கவில்லை. கீழே கிடக்கும் தோட்டாவையும் மருந்தையும் போன் தானாகவே எடுத்துப் பைக்குள் போட்டது. மினி மேப்பில் காலடிச் சத்தமும் துப்பாக்கிச் சத்தமும் எந்தத் திசையிலிருந்து வருகின்றன என்று குறி காட்டியது. கணினிப் பதிப்பில் இது கிடையாது, அங்கே காதை நம்பித்தான் ஆட வேண்டும். குறிபார்க்க உதவும் எய்ம் அசிஸ்ட்டை வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் செட்டிங்ஸில் அணைத்துவிடலாம். போனைச் சாய்த்தே குறியை நகர்த்த ஜைரோஸ்கோப் வந்தது. 2020 ஜூலையில் வந்த லிவிக் மைதானம் 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர்தான். 8க்கு 8 கிலோமீட்டர் பரப்புள்ள பழைய மைதானமான எரங்கலில் ஓர் ஆட்டம் அரை மணி நேரத்தைத் தின்றுவிடும், லிவிக்கில் அதில் பாதி போதும். ஷிப்டுக்கு நடுவே ஆடுகிறவருக்கும், “சாப்பிட வாடா” என்று அம்மா மூன்றாவது முறை கூப்பிடுவதற்குள் முடிக்க வேண்டியவருக்கும் இது பெரிய விஷயம். எரங்கல் அப்படியே இருந்தது. அதிலுள்ள பொச்சிங்கி என்ற இடத்தில் இறங்க விரும்புகிறவர் அங்கேயே இறங்கினார்.

உடற்குறை உள்ளவர்களை நினைத்துச் செய்த மாற்றங்களும் இதே வரிசையில் வருகின்றன. இதைப் பற்றித் தமிழில் நாம் போதுமான அளவு பேசுவதில்லை. மினி மேப்பில் சத்தத்துக்குக் குறி இருந்தால் காது கேளாத ஒருவரும் பின்னால் வருகிறவரைக் கண்டுகொள்ளலாம். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவருக்காக நிறத்தை மாற்றிக்கொள்ள வசதி இருக்கிறது. 2019 பிப்ரவரியில் வந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஒரு பொத்தானை வைத்தே “இங்கே எதிரி”, “இங்கே துப்பாக்கி”, “இந்தப் பக்கம் போவோம்” என்று தோழர்களுக்குச் சொல்லும் பிங் முறையைச் சிறப்பாகச் செய்துகாட்டியது. பேச முடியாதவருக்கும் கேட்க முடியாதவருக்கும் அது குரலானது. மொழி தெரியாதவரோடு ஸ்குவாடில் மாட்டிக்கொண்டவருக்கும், பக்கத்து அறையில் அப்பா தூங்கும் வீட்டில் ஆடுகிறவருக்கும் உதவியது. பழைய ரசிகர்கள் அதைக் கொண்டாடினார்கள், மற்ற ஆட்டங்கள் வரிசையாக எடுத்துக்கொண்டன. ஃபோர்ட்நைட்டில் சத்தத்தைக் கண்ணால் காணும் வளையம் வந்தபோது, நன்றாகக் காது கேட்கிறவர்களே அதை ஏராளமாகப் பயன்படுத்தினார்கள். இது அநியாயம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எல்லாருக்கும் ஒரே பொத்தான் திறந்திருக்கும்போது அதில் அநியாயம் ஏதுமில்லை.

ஆக, பழைய ரசிகர்கள் எளிமையையே எதிர்க்கிறவர்கள் என்பது பொய். அவர்கள் எதிர்ப்பது வேறு ஒன்றை.

எம்416 துப்பாக்கியைத் தொடர்ந்து சுடும்போது குறி மேலேறும். அதை விரலால் கீழே இழுத்துப் பிடிக்கப் பழகுவதற்குப் பல மாதம் ஆகிறது. ஏகேஎம் இன்னும் முரடு. எந்த வீட்டு ஜன்னலிலிருந்து எந்த மேடு தெரியும், ஆடும் வட்டம் சுருங்கும்போது எந்தப் பக்கம் மறைவு கிடைக்கும் என்பதெல்லாம் செத்துச் செத்துக் கற்றவை. வெண்கலப் படியிலிருந்து உச்சிப் பட்டமான கான்கரர் வரை ஏறிய படிக்கட்டு அந்தக் கற்றலின் கணக்கு. ஒரு பழைய ரசிகருக்கு ஆட்டத்தில் உள்ள சொத்து அதுதான். ஒரு புதிய விதி வந்து அந்தக் கணக்கைச் செல்லாததாக்கும்போது அவர் கத்துகிறார். அந்தக் கத்தலில் கர்வமும் கலந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அடியில் இருப்பது கர்வம் மட்டுமல்ல.

கால் ஆஃப் டியூட்டி தொடரில் 2009இல் வந்த மாடர்ன் வார்ஃபேர் 2 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தொடர்ந்து செத்துக்கொண்டே இருக்கிறவருக்கு அதில் பரிசு கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று, மறுபடி பிறந்து வந்ததும் சில நொடிகளுக்குப் பல மடங்கு அடி தாங்கும் உடம்பு. புதியவருக்கு ஆறுதல் என்று நினைத்து வைத்திருக்கலாம். எதிரில் நிற்பவருக்கோ, முறையாகக் குறிபார்த்துச் சுட்ட தோட்டா திடீரென்று மதிப்பிழந்துபோகிறது. அடுத்த ஆண்டு வந்த பிளாக் ஆப்ஸில் அந்தப் பரிசு இல்லை. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் 2015 டிசம்பரில் ஆர்8 என்ற ரிவால்வரைச் சேர்த்தார்கள். கைத்துப்பாக்கி விலையில் பெரிய ஸ்னைப்பர் துப்பாக்கியின் பலம். சில நாட்களிலேயே அதன் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. இரண்டிலும் தோட்டாவின் மதிப்பைத்தான் மாற்றினார்கள், வாசலை அல்ல.

பேட்டில்ஃபீல்ட் 2042 செய்தது இதைவிடப் பெரிய பிழை. அந்தத் தொடரில் மருத்துவர், பொறியாளர், உளவாளி, தாக்குநர் என்று வகுப்பு பிரித்து ஆடுவது பல ஆண்டு வழக்கம். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு கடமை, ஒருவரையொருவர் நம்பியே ஜெயிக்க முடியும். 2021 நவம்பரில் வந்த 2042 அந்த வகுப்புகளைக் கலைத்துவிட்டு, யார் எந்தத் துப்பாக்கியும் எந்தக் கருவியும் எடுக்கலாம் என்று தனிப் பாத்திரங்களை வைத்தது. வெளிவந்தபோது குரலில் பேசும் வசதி இல்லை, எல்லார் கணக்கும் தெரியும் வழக்கமான ஸ்கோர்போர்டும் இல்லை. பழையவர்கள் கொதித்ததில் வியப்பில்லை. நான் கவனிப்பது இன்னொன்றை: புதியவர்களுக்கும் அது எளிதாக இருக்கவில்லை. தான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வகுப்பு இல்லாதபோது, முதல் முறை உள்ளே வருகிறவர் 128 பேர் சுடும் மைதானத்தில் திருவிழாவில் தொலைந்த பிள்ளையாகத்தான் நிற்பார். கட்டுப்பாட்டை நீக்குவதும் எளிமையாக்குவதும் ஒன்றல்ல. ஓராண்டுக்குப் பிறகு வகுப்புகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2025 அக்டோபரில் வெளிவந்த பேட்டில்ஃபீல்ட் 6 வகுப்புகளோடே வந்தது. எந்த வகுப்பும் எந்தத் துப்பாக்கியும் எடுக்கும் ஆட்டம் ஒன்று, வகுப்புக்கு உரிய துப்பாக்கி மட்டும் எடுக்கும் ஆட்டம் ஒன்று என்று இரண்டையும் தனித்தனியாக வைத்து, வேண்டியதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது.

அப்படி அறையைப் பிரித்து வென்றதற்கு ஃபோர்ட்நைட்தான் முன்மாதிரி. அந்த ஆட்டத்தின் தனித்தன்மையே கண்ணிமைக்கும் நேரத்தில் சுவரும் படிக்கட்டும் கட்டி மேலேறுவது. சில ஆண்டுகளில் பழையவர்கள் நொடிக்குள் மாளிகை கட்டத் தொடங்க, புதியவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துச் செத்தார். 2022 மார்ச்சில் கட்டும் வேலையே இல்லாத ஆட்டத்தைத் தனியாக வைத்தார்கள். கட்டத் தெரிந்தவரிடமிருந்து எதையும் பறிக்கவில்லை, தெரியாதவர் அவமானப்படவும் வேண்டியிருக்கவில்லை. மறுபக்கம், 2023 நவம்பரில் முதல் காலத்து மைதானத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது ஒரே நாளில் 4 கோடியே 47 லட்சம் பேர் ஆடினார்கள். அவர்களில் பலர் விட்டுப்போன பழையவர்கள். பழைய ரசிகர்களின் எதிர்பார்ப்பு என்பது சிறு கூட்டத்தின் பிடிவாதம் என்று அலட்சியமாகப் பேசுகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்க்கலாம்.

அறையைப் பிரிக்காமலே காலம் தாண்டிய தொடர் கவுன்டர் ஸ்ட்ரைக். 1999இல் ஹாஃப் லைஃப் என்ற ஆட்டத்தின் மேல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இருவர் கட்டியது. ஐந்துக்கு ஐந்து, குண்டு வைப்பவர் ஐவர், தடுப்பவர் ஐவர், சுற்றுக்குச் சுற்று பணம் சேர்த்துத் துப்பாக்கி வாங்குவது. அடிப்படை இன்றும் அதுவே. 1.6 ஆடியவர்களும் 2004இல் வந்த சோர்ஸ் ஆடியவர்களும் இரண்டு முகாமாகப் பிரிந்து கிடந்தார்கள், 2012இல் வந்த குளோபல் அஃபென்சிவ் முதலில் இரு முகாமுக்கும் பிடிக்கவில்லை. பொறுமையாகத் திருத்தித் திருத்தித்தான் அவர்களைச் சேர்த்தார்கள். 2018 டிசம்பரில் விலையை நீக்கி இலவசமாக்கியபோது, காசு கொடுத்து வாங்கியவர்கள் கொந்தளித்தார்கள். 2023 செப்டம்பரில் வந்த இரண்டாம் பாகம் 30 சுற்றுகளை 24 ஆகக் குறைத்தது. முதலில் முணுமுணுப்பு, பிறகு பழக்கம். நேரத்தைக் குறைப்பதை ஆட்டக்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள், தோட்டாவைத் தொட்டால் பொறுக்கமாட்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் பழைய ஆட்டத்தை ஓரமாக வாழவிடாமல் அதன் இடத்திலேயே புதியதை வைத்தார்கள். அது ரசிகர்களுக்குச் செய்த நியாயம் இல்லை.

இனி பாட் பற்றி. நம் ஊர்ப் பையன்கள் மிகவும் சூடாகப் பேசும் விஷயம் இதுதான், விரிவாகப் பார்க்க வேண்டியதும் இதுதான்.

பாட் என்பது மனிதனைப்போல் நடமாடும் கணினி ஆள். பப்ஜி மொபைலில் புதிய கணக்கு தொடங்குகிறவருக்கு முதல் சில ஆட்டங்களில் எதிரே வருகிறவர்களில் பெரும்பாலோர் பாட்கள். நேர்க்கோட்டில் ஓடுவார்கள், திறந்த வெளியில் நின்று நிதானமாகச் சுடுவார்கள், குறி தப்பும். பையன் ஐந்தாறு பேரைச் சுட்டு வீழ்த்துவான், முதல் நாளே சிக்கன் டின்னர் என்று பெயர்பெற்ற வெற்றி கிடைக்கும், வீட்டிலும் தெருவிலும் சொல்லிக்கொள்வான். சில நாள் கழித்து உண்மையான ஆட்கள் நிறைந்த லாபிக்குள் விழும்போது இறங்கிய இடத்திலேயே அடி. “நேத்துவரைக்கும் நல்லாத்தானே ஆடினேன்” என்று குழம்புவான். அப்போது ஸ்குவாடில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்வார்: “டேய், அதெல்லாம் பாட் லாபிடா.” அந்தப் பையனின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவன் தோற்றதற்காக வருந்தவில்லை. ஜெயித்தது பொய்யாகிவிட்டதற்காக வருந்துகிறான்.

தெருவில் ஆடும்போது சின்னப் பிள்ளையை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் நமக்கு உண்டு. ஓடும், பிடிக்கும், கத்தும், ஆனால் அவுட் கிடையாது. அதில் யாருக்கும் வருத்தமில்லை, ஏனென்றால் ஆடுகிற அத்தனை பேருக்கும் அது தெரியும். ஒருநாள் அந்தப் பிள்ளையே வந்து “இனிமே எனக்கும் அவுட் உண்டு” என்று கேட்கும். பாட் விஷயத்தில் குறை உதவியில் இல்லை, ஒளித்ததில் இருக்கிறது. பாட்களுக்கு ஆட்களைப்போலவே பெயர் வைத்து, எந்த அடையாளமும் இல்லாமல் உள்ளே விடுகிறார்கள்.

கணினியிலும் கன்சோலிலும் ஆடும் பப்ஜியில் 2020இல் அதன் நிறுவனம் வேறு வழியில் நடந்தது. பழையவருக்கும் புதியவருக்கும் இடையே திறமையின் தூரம் கூடிவிட்டது, புதியவர் எங்கிருந்து அடிபட்டோம் என்று தெரியாமலே சாகிறார், ஆகவே சாதாரண ஆட்டத்தில் பாட்களைச் சேர்க்கிறோம் என்று வெளிப்படையாக அறிவித்தது. தொடர்ந்து பாட் இல்லாத ரேங்க் ஆட்டத்தைத் தனியாகத் திறந்தது. பழையவர்கள் அப்போதும் குறைசொன்னார்கள். ஆனால் எங்கே பாட் உண்டு, எங்கே இல்லை என்று தெரிந்து குறைசொன்னார்கள்.

பாட்களைவிடச் சிக்கலானது, யாரோடு யாரைச் சேர்ப்பது என்ற கேள்வி. சதுரங்கத்தில் ஆர்பாட் ஈலோ வகுத்த தரவரிசை எண்ணை உலகக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றது. சென்னைப் பள்ளிப் பிள்ளைகள்கூட “என் ரேட்டிங் இவ்வளவு” என்று சொல்வார்கள். அதே கணக்கின் வழியில் வந்த முறைகள்தான் சுடும் ஆட்டங்களிலும் சமபலம் உள்ளவர்களைச் சேர்க்கின்றன. சதுரங்கத்தில் எண் வெளியே தெரியும். கால் ஆஃப் டியூட்டியின் சாதாரண ஆட்டத்தில் அது உள்ளே மறைந்திருந்தது. நன்றாக ஆடுகிறவர் எப்போதும் தன்னைப்போலவே நன்றாக ஆடுகிறவர்களோடு மோத வேண்டியிருக்கிறது, ஓய்வாக ஆட முடியவில்லை என்று அவர்கள் பல ஆண்டு புகார் சொன்னார்கள். 2024இல் ஆக்டிவிஷன் நிறுவனம் தன் சோதனையை வெளியிட்டது. திறமை பார்த்துச் சேர்ப்பதைத் தளர்த்தியபோது, ஆடுகிறவர்களில் 90 விழுக்காட்டினர் திரும்பி வருவது குறைந்தது. உச்சியில் இருந்த 10 விழுக்காட்டினர்தான் கூடுதலாக வந்தார்கள். அதாவது, உச்சியில் இருப்பவரின் ஓய்வு என்பது கீழே இருப்பவரின் தொடர் தோல்வி. யாராவது ஒருவர் தோற்றால்தான் இன்னொருவர் ஜெயிக்க முடியும் என்ற எளிய கணக்கை எந்த ஸ்டுடியோவாலும் மாற்ற முடியாது.

அந்த எண்களை நான் நம்புகிறேன். ஆனால் ரசிகர்கள் ஏன் நம்பவில்லை என்பதும் புரிகிறது. விளையாட்டுக்குள் பொருள் வாங்கத் தூண்டும் வகையில் ஆட்களைச் சேர்க்கும் முறை ஒன்றுக்கு அதே நிறுவனம் 2017இல் காப்புரிமை பெற்றிருந்தது. எந்த ஆட்டத்திலும் அதைப் பயன்படுத்தவில்லை என்று சொன்னது. ஆனாலும் ஒருமுறை அப்படி ஒரு காகிதம் வெளியே வந்தபின், எந்தத் தோல்விக்குப் பின்னாலும் ஒரு கை இருப்பதாக ஆடுகிறவருக்குத் தோன்றும். பிறகு 2025 நவம்பரில் வந்த பிளாக் ஆப்ஸ் 7இல் திறமையை மிகக் குறைவாகப் பார்க்கும் சேர்க்கையை வழக்கமான முறையாக வைத்து, அதை முன்கூட்டியே அறிவித்தார்கள். புதியவருக்கு அது நல்லதா என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. அறிவித்துச் செய்தது நல்லது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2020 செப்டம்பர் 2 அன்று ஒன்றிய அரசு தடைசெய்த 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் அதன் லைட் பதிப்பும் இருந்தன. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் ஆட்டம் திரும்பியது. 2022 ஜூலையில், அதன் போட்டி ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான சில நாட்களிலேயே, மறுபடி செயலிக் கடைகளிலிருந்து நீங்கியது. 2023 மேயில் மூன்று மாத சோதனை அனுமதியோடு மீண்டும் வந்தது. வேறெந்த நாட்டு ரசிகர்களும் இப்படி இரண்டு முறை தங்கள் ஆட்டத்தைத் திரும்பப் பெற்றதாக எனக்கு நினைவில்லை. பழைய கணக்கும் பட்டமும் உடைகளும் புதிய செயலிக்கு மாறி வருமா என்பதுதான் 2021இல் முதல் கேள்வியாக இருந்தது. மாற்றிக்கொள்ள வழிசெய்தார்கள். அது பழையவர்களுக்குக் காட்டிய சரியான மரியாதை.

ஆனால் திரும்பி வராத ஒன்று உண்டு, அது லைட். 2019 ஜூலையில் இந்தியாவுக்கு வந்த லைட் பதிப்பு சிறிய ராம் உள்ள போனுக்காகச் செய்தது. 100 பேருக்குப் பதில் 60 பேர், சின்ன மைதானம். சிற்றூர்களில் அதற்குப் பெரிய கூட்டம் இருந்தது. தடையோடு அது போனது, பிஜிஎம்ஐ வந்தபோது அதற்கு ஈடாக எதுவும் வரவில்லை. இருந்த காலத்திலும் லைட் ஒரு தனித் தீவு. அதன் கணக்கு வேறு, ஆட்கள் வேறு. லைட் ஆடுகிறவர் நல்ல போன் வாங்கினால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அடியிலிருந்து தொடங்க வேண்டும். பெரிய ஆட்டம் ஆடுகிறவர் அவரோடு சேர்ந்து ஆட முடியாது.

கரீனா என்ற நிறுவனம் இந்தச் சின்ன போன் சிக்கலைச் சிறப்பாகக் கையாண்டது. அதன் ஃபிரீ ஃபயர் தொடக்கத்திலிருந்தே சின்ன போனில் ஓடும் ஆட்டம். 50 பேர், பத்து நிமிடம் சொச்சம். படம் அழகாக வேண்டும் என்று நல்ல போன் உள்ளவர்கள் கேட்டபோது, 2021 செப்டம்பரில் ஃபிரீ ஃபயர் மேக்ஸ் என்று இன்னொரு செயலியை விட்டார்கள். முக்கியமானது இதுதான்: இரண்டிலும் ஒரே கணக்கு, ஒரே மைதானம். பழைய போன் வைத்திருக்கும் தம்பியும் புது போன் வைத்திருக்கும் அண்ணனும் ஒரே ஸ்குவாடில் இறங்கலாம். 2022 பிப்ரவரி 14 அன்று ஃபிரீ ஃபயர் தடையானது, மேக்ஸ் தப்பியது. அந்தத் தடையில் மேக்ஸ் ஓடாத போன் வைத்திருந்தவர்கள்தான் வெளியே நின்றார்கள். நான் பார்த்தவரையில் புதியவரையும் பழையவரையும் ஒரே களத்தில் வைத்திருக்க எந்தச் சுடும் ஆட்டமும் செய்த ஏற்பாடுகளில் இதுவே மிக நேர்மையானது. அதே ஃபிரீ ஃபயரில் காசு கொடுத்து வாங்கும் பாத்திரங்களுக்குத் தனிச் சக்தி வைத்ததை ஏற்க முடியாது. அது காசு இல்லாதவரின் தோட்டாவை மெலியச் செய்கிறது.

பணத்தால் வரும் ஏற்றத்தாழ்வு பிஜிஎம்ஐயிலும் உண்டு, வேறு வடிவில். ஐபேடின் திரை அகலத்துக்கு உயரம் அதிகம், ஆகவே போனில் தெரியாத இடமும் அதில் தெரியும். பையன்கள் இதை ஐபேட் வியூ என்பார்கள். விலை உயர்ந்த போனில் நொடிக்கு 90 படம் ஓடும்போது மலிவு போனில் 30க்கே திணறும். துப்பாக்கி, தோட்டா, விதி எல்லாம் சமம், ஆனால் கண் சமமில்லை. விருத்தாசலத்து இளைஞருக்கு இதுதான் முதல் தடை, பாட்களும் எய்ம் அசிஸ்ட்டும் அதற்குப் பிறகுதான். இங்கே நிறுவனங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது: ஒரே கணக்கோடு, ஒரே மைதானத்தில் ஓடும் மெலிந்த பதிப்பு, ஒரே வேகமுள்ள கருவிகளை ஒன்றோடொன்று சேர்க்கும் தேர்வு. கணினியில் எமுலேட்டர் வழியாக ஆடுகிறவரை அப்படி ஆடுகிறவர்களோடு மட்டும் சேர்க்கும் வழக்கம் பப்ஜி மொபைலில் இருந்ததே. அது முடிந்தது என்றால் இதுவும் முடியும்.

இன்னொரு தடையையும் சொல்லாமல் விட முடியாது. மைக்கை அணைத்துவிட்டு ஆடும் பெண்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். குரல் கேட்டவுடன் வரும் கேள்விகளும் வசவுகளும் அவர்களை அப்படிச் செய்ய வைக்கின்றன. தமிழில் பப்ஜி ஆடி ஆபாசமாகப் பேசிய யூடியூபர் ஒருவர் 2021 ஜூனில் கைதானபோது தமிழகமே அதைப் பார்த்தது. அவருக்கு லட்சக்கணக்கில் ரசிகர்கள் இருந்தார்கள் என்பதையும் பார்த்தது. ஆட்டம் எவ்வளவு எளிதானாலும், உள்ளே இருப்பவர்கள் வாசலில் நின்று வசைபாடினால் புதியவர் வரமாட்டார். விசுவாசமான ரசிகர்கள் என்று நாம் மரியாதையோடு சொல்லும் கூட்டம் தானாகத் திருத்திக்கொள்ள வேண்டிய இடம் இது. நிறுவனத்தைக் குறைசொல்ல இதில் பாதிதான் இருக்கிறது.

நம்மவர்கள் செய்த ஆட்டங்களும் இந்தச் சிக்கலைச் சந்தித்தன. 2021 ஜனவரி 26 அன்று வந்த ஃபௌஜி, பப்ஜிக்கு மாற்று என்று எல்லாரும் எதிர்பார்க்க, பலர் கூடி ஆடும் வசதியே இல்லாமல் வந்தது. செயலிக் கடையில் அதன் மதிப்பெண் மளமளவென்று சரிந்தது. 2024 அக்டோபரில் புனேயின் சூப்பர்கேமிங் வெளியிட்ட இண்டஸ், கடைசி ஆளாக நிற்பதைத் தவிர, காஸ்மியம் என்ற பொருளைக் கைப்பற்றியும் ஜெயிக்கலாம் என்று இன்னொரு வழி வைத்தது. குறி சரியில்லாதவருக்கும் புத்தி இருந்தால் வாய்ப்பு உண்டு என்பது நல்ல சிந்தனை. ஆட்டம் தொடங்கும்முன்பே எல்லாருக்கும் தெரிந்த விதி என்பதால் அதில் ஏமாற்று இல்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து, மின்விளையாட்டைத் தனியாக அங்கீகரித்தது. தடைக்குப் பயந்து எதையும் செய்யாமலிருந்த இந்திய ஸ்டுடியோக்களுக்கு இனி அந்தச் சாக்கு குறைவு.

இதற்கிடையில் ஆடுகிறவர்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்துகொண்டிருக்கிறார்கள். கஸ்டம் ரூம் என்று ஒரு வசதி உண்டு. ரூமைத் திறக்கிறவர் மைதானத்தையும் விதியையும் தானே வைத்து, எண்ணையும் பாஸ்வேர்டையும் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுப்பார். விடுமுறை நாட்களில் ஊர்ப் பையன்கள் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்புப் போடுகிறார்கள்: ஐபேட் கூடாது, எமுலேட்டர் கூடாது, கெட்ட வார்த்தை பேசினால் ஸ்குவாடோடு வெளியே. புதிதாக வருகிற ஸ்குவாடுகளுக்கு முதலில் லிவிக்கில் தனி ரூம், தேறியவர்களுக்கு எரங்கல். பழையவர்களில் இரண்டு பேர் ஆடாமல், செத்தவர்களோடு சேர்ந்து பார்த்து, எங்கே தப்பு என்று சொல்லித்தருகிறார்கள். சண்டை வராமல் இல்லை. போன மாதத்து விதியை இந்த மாதம் மாற்றினால் ஏன் என்று கேட்கிறார்கள், குழுவில் ஓட்டுப் போடுகிறார்கள், மாற்றியது எல்லாருக்கும் தெரிந்த பிறகே ரூம் திறக்கிறது.